ஆபீஸ் இல்லாத கம்பெனி!

முதலாளி ஒரு நாட்டில், வேலைக்காரர் ஒரு நாட்டில். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கும் உத்தியோகம்

ஞாயிற்றுக்கிழமை மாலை தர்மபுரி பஸ் நிலையத்தில் கூட்டம் நெரியும்.

தோளில் ஒரு பை. கையில் அம்மா கட்டிக் கொடுத்த பொடி டப்பா. வாலிபர்களும் இளம் பெண்களும் பஸ்சுக்குக் காத்து நிற்பார்கள். பெங்களூருக்கு ஒரு கூட்டம். ஓசூருக்கு ஒரு கூட்டம். திருப்பூருக்கு ஒரு கூட்டம்.

பெங்களூர் ஏறத்தாழ 130 கிலோ மீட்டர் தூரம்தான். ஆனாலும் அங்கே வேலை பார்க்கிறவர் அங்கேதான் குடியிருக்க வேண்டும். அறை வாடகை, ஓட்டல் சாப்பாடு, பஸ் கட்டணம் எல்லாம் போக வீட்டுக்கு அனுப்புவது மிச்சம்.

தர்மபுரி மாவட்டம் 1965-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி சேலத்திலிருந்து பிரிந்தது. இங்கே மாம்பழம் விளைகிறது. புளி விளைகிறது. பாலக்கோட்டுத் தக்காளி லாரி லாரியாகப் போகிறது. பட்டுக்கூடு விற்கப் பல ஊர்களிலிருந்து விவசாயிகள் வருகிறார்கள். படித்த பிள்ளைக்கு மட்டும் இங்கே வேலை அரிது.

வேலையைத் தேடி ஆள் போவதற்குப் பதிலாக, ஆளைத் தேடி வேலை வந்தால் எப்படி இருக்கும்?

அப்படியும் ஒரு வகைக் கம்பெனி உலகத்தில் இருக்கிறது. அதற்கு ஆபீஸ் கிடையாது. வாசலில் பெயர்ப் பலகை கிடையாது. வருகைப் பதிவேடு கிடையாது. அவரவர் வீடுதான் அவரவர் ஆபீஸ்.

ஆங்கிலத்தில் இதை "ரிமோட்" வேலை என்கிறார்கள். டெலிவிஷன் பெட்டியை இயக்குகிற ரிமோட் என்று நினைத்துவிட வேண்டாம்! ரிமோட் என்றால் தொலைவு. தொலைவில் இருந்தபடியே பார்க்கும் வேலை. புதிதாகத் தொடங்கி வேகமாக வளரத் துடிக்கும் கம்பெனிக்கு "ஸ்டார்ட்-அப்" என்று பெயர். இரண்டும் சேர்ந்த கம்பெனி ஒன்றின் கதையைக் கேட்டால், இந்த உத்தியோகம் எப்படிப்பட்டது என்பது விளங்கிவிடும்.

கதை ஒரு கிணற்றடியில் ஆரம்பமாகிறது.

தண்ணீர்க் குழாய் இல்லாத வீடு

உக்ரேன் நாட்டில் கார்கிவ் என்று ஒரு நகரம். அங்கே டிமிட்ரோ சபோரோஜெட்ஸ் என்ற வாலிபர் இருந்தார். கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுவது அவர் தொழில்.

அவர் வீட்டில் தண்ணீர்க் குழாய் இல்லை. தினமும் பொதுக் கிணற்றுக்குப் போய்த் தண்ணீர் கொண்டு வர வேண்டும்.

தர்மபுரித் தாய்மார்களுக்கு இந்தக் கஷ்டத்தைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியது இல்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ம் ஆண்டு தொடங்கி வைக்கப்படும் வரை, இந்த மாவட்டத்தில் எத்தனையோ ஊர்கள் புளோரைடு கலந்த கிணற்று நீரையும் போர் தண்ணீரையும் குடித்தன. பல்லில் கறை, எலும்பில் வலி. குடம் சுமந்து சுமந்து தேய்ந்த இடுப்புகள் இங்கே ஏராளம்.

கார்கிவ் வாலிபரை உறுத்தியது தண்ணீர்க் கஷ்டம் அல்ல. அவருக்கு வேறொரு குறை இருந்தது. பல பேர் சேர்ந்து ஒரே நிரலை எழுதுவதற்கு நல்ல சாதனம் இல்லையே என்பதுதான் அது! "கிணற்றுக்குத் தினம் நடப்பதைவிட அது பெரிய தொல்லை" என்று அவர் எண்ணினாராம். இது அந்தக் கம்பெனியே தன் சரித்திரத்தில் எழுதி வைத்திருக்கும் செய்தி.

அது என்ன சாதனம்?

கூட்டுக் குடும்பத்தில் ஒரு வரவு செலவு நோட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணனும் எழுதுகிறார். தம்பியும் எழுதுகிறார். ஒருவர் எழுதியதை இன்னொருவர் தெரியாமல் அடித்துவிட்டால் சண்டைதான். எந்த வரியை யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்பதை அந்த நோட்டே குறித்து வைத்துக்கொண்டால்? பழைய பக்கத்தையும் பத்திரமாக வைத்திருந்தால்? அப்படிப்பட்ட நோட்டைத்தான் கம்ப்யூட்டர் நிரலுக்காக அவர் உருவாக்கினார். 2011-ம் ஆண்டு அது வெளிவந்தது. பெயர் "கிட்லேப்". யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார்.

முகம் பார்க்காத கூட்டாளி

உக்ரேனுக்கு வெகுதூரத்தில் நெதர்லாந்து நாடு. அங்கே சிட் சீப்ரண்டி என்பவர் 2012-ம் ஆண்டு இந்த நோட்டைப் பார்த்தார். "இதை வைத்து ஒரு வியாபாரம் செய்யலாமே" என்று அவருக்குத் தோன்றியது. செய்தார்.

அடுத்த ஆண்டு உக்ரேன் வாலிபர் இண்டர்நெட்டில் ஒரே ஒரு வரி எழுதினார். "முழு நேரமும் கிட்லேப் வேலையையே பார்க்க ஆசையாக இருக்கிறது" என்று பொருள். அந்த வரியைச் சீப்ரண்டி பார்த்தார். "சம்பளம் நான் தருகிறேன், வேலை பாருங்கள்" என்றார்.

ஒருவர் உக்ரேனில். ஒருவர் நெதர்லாந்தில். இருவரும் சந்தித்துப் பேசி, கைகுலுக்கி, கட்டடம் பிடித்து, திறப்பு விழா நடத்தித் தொடங்கிய கம்பெனி அல்ல இது. முதல் நாளிலிருந்தே தொலைவில்தான் பிறந்தது.

2015-ம் ஆண்டு 9 பேர் கொண்ட அந்தக் கூட்டம் அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்குப் போனது. புதிய கம்பெனிகளுக்குப் பணமும் யோசனையும் தரும் "ஒய் காம்பினேட்டர்" என்ற நிறுவனம் அழைத்திருந்தது. அதன் பிறகு சான்பிரான்சிஸ்கோ நகரில் ஓர் ஆபீஸ் வாடகைக்கு எடுத்தார்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் சில நாள் வந்தார்கள். பிறகு வருவதை நிறுத்திவிட்டார்கள்! வேலையை நிறுத்தவில்லை. ஆபீசுக்கு வருவதைத்தான் நிறுத்தினார்கள். எல்லாம் கம்ப்யூட்டரிலேயே நடக்கும்போது டிராபிக்கில் மாட்டிக்கொண்டு வருவானேன்? முதலாளியும் "வா" என்று வற்புறுத்தவில்லை. ஆபீஸ் ஒழிந்தது.

2021-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி அமெரிக்கப் பங்குச் சந்தையில் அந்தக் கம்பெனியின் பங்கு 77 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. அப்போது 60-க்கும் அதிகமான நாடுகளில் 1,300 பேருக்கு மேல் அதில் வேலை பார்த்தார்கள். சொந்த ஆபீஸ் ஒன்றுகூட இல்லை.

பேச்சு அல்ல, எழுத்து!

ஒருவரை ஒருவர் பார்க்காமல் 1,300 பேர் எப்படி வேலை செய்ய முடியும்?

ரகசியம் ஒன்றுதான். எல்லாவற்றையும் எழுதி வைக்கிறார்கள்.

சாதாரண ஆபீசில் ஒரு சந்தேகம் வந்தால் பக்கத்து மேஜைக்காரரைக் கேட்கலாம். டீக்கடையில் நிற்கும்போது மேலாளர் ஒரு வார்த்தை சொல்வார். அதுவே உத்தரவாகிவிடும். சொன்னது ஒன்று, கேட்டது ஒன்று என்று பின்னால் தகராறும் வரும்.

தொலைவில் இருக்கிறவரிடம் அது நடக்காது. தர்மபுரியில் விடியும்போது அமெரிக்காவில் அவர் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காருகிறார். கேட்டால் பதில் வராது. ஆகவே கேள்வியையே முழுக் கேள்வியாக எழுத வேண்டும். எந்த இடத்தில் பிரச்னை, என்ன செய்து பார்த்தோம், என்ன நடந்தது, இனி என்ன செய்ய உத்தேசம். இத்தனையும் ஒரே கடிதத்தில் இருக்க வேண்டும். அரைகுறையாக எழுதினால் ஒரு நாள் போச்சு! "எந்த இடம்?" என்று அவர் திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்வி வந்து சேரும்போது இவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

அந்தக் காலத்தில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன கணவருக்குக் கடிதம் எழுதிய பெண்களுக்கு இது தெரியும். கப்பல் போய்த் திரும்ப வாரங்கள் ஆகும். குழந்தைக்கு உடம்பு எப்படி, நிலத்தை அடமானம் வைக்கலாமா, தங்கைக்கு வந்த வரன் எப்படி என்று ஒன்றும் விடாமல் எழுதியாக வேண்டும்.

கிட்லேப் கம்பெனி ஒரு கையேடு வைத்திருக்கிறது. அச்சிட்டால் 2,000 பக்கத்துக்கு மேல் வரும் என்று அவர்களே சொன்னார்கள். லீவு எப்படி எடுப்பது, பயணச் செலவை எப்படிக் கேட்பது, ஒருவர் தப்பு செய்தால் எப்படிச் சுட்டிக்காட்டுவது என்று சகலமும் அதில் இருக்கிறது. ஒரு வழக்கத்தை மாற்ற வேண்டுமா? முதலில் கையேட்டை மாற்று. பிறகு எல்லோருக்கும் சொல். இதுதான் அங்கே சட்டம்.

கூட்டம் போட்டாலும், என்ன பேசப்போகிறோம் என்பதை முன்னாலேயே எழுதி வைத்துவிட வேண்டும். பேசும்போதே குறிப்பும் எழுதியாக வேண்டும். தூங்கிக்கொண்டிருந்த காரணத்தால் கூட்டத்துக்கு வராதவர், விடிந்ததும் படித்துக்கொள்வார். வராதது குற்றம் அல்ல.

இத்தனை எழுத்திலும் ஒரு குறை உண்டு. சிரித்த முகத்தோடு சொல்கிற வார்த்தை, எழுத்தில் சுருக்கென்று தைக்கும். "இது சரியில்லை" என்ற இரண்டு சொற்களை நேரில் கேட்டால் ஒன்றும் இல்லை. ராத்திரி 11 மணிக்குத் தனியாக உட்கார்ந்து திரையில் படித்தால் தூக்கம் போய்விடும். "வேலைக்குச் சம்பந்தம் இல்லாமல் ஒருவரோடு ஒருவர் சும்மா பேசுங்கள்" என்று காபி நேரம் ஒன்றையும் அந்தக் கையேட்டில் சேர்த்திருக்கிறார்கள்! சும்மா பேசுவதற்கும் நேரம் குறிக்க வேண்டியிருக்கிறது. என்ன செய்வது?

அழிந்து போன கணக்கு

2017-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி ராத்திரி. கிட்லேப் கம்பெனியில் ஒரு பயங்கரம் நடந்தது.

அன்று யாரோ விஷமிகள் கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்குத் தாங்க முடியாத சுமை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓர் என்ஜினீயர் தன் வீட்டில் உட்கார்ந்து போராடிக்கொண்டிருந்தார். வெகுநேரம் ஆகிவிட்டது. படுக்கப் போகலாம் என்று இருந்தவர், மறுபடியும் பிரச்னை தலைதூக்கவே தொடர்ந்து வேலை பார்த்தார்.

அங்கே இரண்டு பெரிய கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஒன்றில் அசல் கணக்கு. மற்றொன்றில் அதன் நகல். நகல் கெட்டுப்போயிருந்தது. அதை அழித்துவிட்டு, அசலிலிருந்து புதிதாக நகல் எடுக்க வேண்டும்.

அழிக்கும் உத்தரவைக் கொடுத்தார். ஓரிரு விநாடிகள்தான். திடுக்கிட்டார்! அவர் அழித்துக்கொண்டிருந்தது நகலை அல்ல. அசலை!

உடனே நிறுத்தினார். அதற்குள் 300 ஜிகாபைட் கணக்கில் மீதம் இருந்தது 4.5 ஜிகாபைட். வீடு முழுவதும் எரிந்து கதவு மட்டும் நின்றது போல.

"காப்பு நகல் இருக்குமே?" என்று தேடினார்கள். ஐந்து விதமான காப்பு ஏற்பாடுகள் இருந்தன. ஒன்றும் உருப்படியாக உதவவில்லை. ஒன்று நெடுநாளாகவே நின்று போயிருந்தது. அது நின்றுவிட்டது என்று எச்சரிக்கும் கடிதங்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை.

கடைசியில் ஒரே ஒரு நகல் கிடைத்தது. விபத்துக்கு 6 மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காகக் கையால் எடுத்தது. எடுத்தவர் யார் தெரியுமா? அழித்த அதே என்ஜினீயர்தான்!

கம்பெனி இதை மூடி மறைக்கவில்லை. என்ன நடந்தது என்று எழுதும் குறிப்பை உலகமே படிக்கும்படி திறந்து வைத்தார்கள். கணக்கை மீட்கும் வேலையை யூடியூபில் நேரடியாகக் காட்டினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். மறுநாள்தான் கம்பெனி மறுபடி இயங்கியது. 6 மணி நேரத்துக் கணக்கு திரும்பவே இல்லை. ஏறத்தாழ 5,000 நிரல் திட்டங்களும் 700 புதிய வாடிக்கையாளர் கணக்குகளும் பாதிக்கப்பட்டன.

அந்த என்ஜினீயரை வேலையை விட்டு நீக்கினார்களா? இல்லை. கம்பெனி வெளியிட்ட நீண்ட அறிக்கையில் அவர் பெயர்கூட இல்லை. "ஊழியர் 1" என்று மட்டும் இருந்தது. காப்பு நகலைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் ஒப்படைக்கப்படவில்லை என்பதுதான் பெரிய தவறு என்று எழுதினார்கள்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஆபீசில் இப்படி நடந்திருந்தால் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டிருப்பார்கள். ஒருவர் தண்ணீர் கொடுத்திருப்பார். இவர் தன் வீட்டு அறையில் தனி ஆள். எதிரே திரை. அவ்வளவுதான்.

60 ஆண்டுக்கு முன்னால் ஒரு பெண்மணி

இந்த உத்தியோகம் இண்டர்நெட் வந்த பிறகு பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. இண்டர்நெட் பிறப்பதற்கு முன்பே ஒரு பெண் இதைச் செய்து காட்டிவிட்டார்!

அவர் பெயர் ஸ்டெபானி ஷெர்லி. ஜெர்மனியில் பிறந்தவர். ஹிட்லரின் கொடுமைக்குத் தப்ப, 1939-ம் ஆண்டு 5 வயதில் அக்காளோடு ரயிலேறி இங்கிலாந்துக்கு அகதியாக வந்தார். தாய் தகப்பன் கூட வரவில்லை.

வளர்ந்து கம்ப்யூட்டர் வேலை கற்றார். கல்யாணம் ஆனது. பெண் என்பதால் ஆபீசில் ஓர் அளவுக்கு மேல் உயர முடியவில்லை. 1962-ம் ஆண்டு சொந்தக் கம்பெனி தொடங்கினார். முதலீடு எவ்வளவு? 6 பவுண்டு! சாப்பாட்டு மேஜைதான் ஆபீஸ்.

குழந்தை பிறந்ததும் வேலையை விட்ட, கெட்டிக்காரப் பெண்களைத் தேடிப் பிடித்தார். அவரவர் வீட்டிலிருந்தே நிரல் எழுதச் சொன்னார். அப்போது வீட்டில் கம்ப்யூட்டர் ஏது? பென்சிலால் காகிதத்தில் எழுதித் தபாலில் அனுப்புவார்கள். ஆரம்பத்தில் வேலை பார்த்த 300 பேரில் ஆண்கள் 3 பேர்தான்.

"ஸ்டெபானி" என்று கையெழுத்துப் போட்டுக் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதினார். பதில் இல்லை. "ஸ்டீவ் என்று போட்டுப் பாரேன்" என்றார் கணவர். அது ஆண் பெயர். போட்டார். பதில் வந்தது! வியாபாரமும் வந்தது.

வீட்டில் கைக்குழந்தை அழும். போனில் பேசும் வாடிக்கையாளருக்குக் கேட்டுவிடக் கூடாதே! டைப் அடிக்கும் ஓசையை டேப்பில் பதிந்து வைத்து, போன் வந்ததும் அதை ஓடவிடுவார். பெரிய ஆபீஸ் ஒன்று பின்னால் இயங்குகிறது என்று எதிர்முனையில் நினைத்துக்கொள்வார்கள்.

ஒலியைவிட வேகமாகப் பறந்த கன்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கு நிரல் எழுதியது இந்த வீட்டுப் பெண்கள்தான். 1975-ம் ஆண்டு வந்த சம உரிமைச் சட்டத்தின்படி, பெண்களை மட்டும் வேலைக்கு வைக்கக் கூடாது என்றாகிவிட்டது. ஆண்களையும் சேர்க்க வேண்டியதாயிற்று! கம்பெனிப் பங்குகளை ஊழியர்களுக்குப் பகிர்ந்தார். அவர்களில் 70 பேர் லட்சாதிபதிகள் ஆனார்கள். நம் கணக்குக்குக் கோடீஸ்வரர்கள். 2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தமது 91-வது வயதில் அவர் காலமானார்.

"வீட்டில்தானே இருக்கிறாய்?"

நமது நாட்டில் இந்த உத்தியோகத்தைப் பட்டிதொட்டிக்குக் கொண்டு வந்தது கொரோனா. 2020-ம் ஆண்டு மார்ச் மாதம் ஊரடங்கு வந்தது. பெங்களூரிலும் சென்னையிலும் இருந்த கம்ப்யூட்டர் ஊழியர்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அதுவரை, டெலிபோன் வழியாக வாடிக்கையாளர் சேவை செய்யும் கம்பெனிகள் ஊழியரை வீட்டிலிருந்து வேலை பார்க்க வைக்கச் சர்க்கார் விதிகள் பல குறுக்கே நின்றன. 2020-ம் ஆண்டு நவம்பர் மாதம் மத்திய அரசு அந்த விதிகளைத் தளர்த்தியது. அதற்கும் முன்பே, 2017-ம் ஆண்டு திருத்திய பிரசவச் சலுகைச் சட்டத்தில், 26 வார லீவு முடிந்த பிறகு, வேலையின் தன்மை இடம் கொடுத்தால் தாய் வீட்டிலிருந்து பணிபுரிய முதலாளியோடு பேசி ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்று ஒரு பிரிவு சேர்க்கப்பட்டிருந்தது.

சட்டம் வந்துவிட்டது. வீடு ஒத்துக்கொள்ள வேண்டாமா?

பாலக்கோட்டுப் பக்கம் ஒரு வீட்டில் மகன் இப்படி ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். காலையில் எல்லோரும் வேலைக்குப் புறப்படும்போது அவன் தூங்குகிறான். சான்பிரான்சிஸ்கோவில் காலை 9 மணி என்றால் இங்கே இரவு 9.30 அல்லது 10.30. மேலாளரோடு பேச வேண்டிய நாளில் படுக்க 1 மணி ஆகும். "ஏண்டா, உனக்கு மெய்யாலுமே வேலை இருக்குதா?" என்று பாட்டி கேட்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் கேட்காமலே முடிவு கட்டிவிடுகிறார்.

கல்யாணத் தரகர் பாடு இன்னும் திண்டாட்டம். "மாப்பிள்ளைக்கு ஆபீஸ் எந்த ஊரில்?" என்று பெண் வீட்டார் கேட்கிறார்கள். "ஆபீசே இல்லை" என்று அவர் எப்படிச் சொல்வார்?

மருமகள் இந்த உத்தியோகத்தில் இருந்தால் கஷ்டம் வேறு விதம். வேலையை விடாமல் குடும்பத்தோடு இருக்கலாம் என்பது பெரிய பாக்கியம்தான். ஆனால், "வீட்டில்தானே இருக்கிறாய்? பாலை இறக்கு, வந்தவர்களுக்குக் காபி கொடு, மாவு மில்லுக்குப் போய் வா" என்று நாளெல்லாம் அழைப்பு வரும். பஸ் ஏறி ஆபீசுக்குப் போகிற பெண்ணை அந்த எட்டு மணி நேரம் யாரும் அழைக்க மாட்டார்கள். இவளை அழைப்பார்கள். விட்டுப்போன வேலையை எல்லோரும் தூங்கிய பிறகு செய்வாள். அவள் உட்காருவதற்கு ஓர் அறையும், சாத்துவதற்கு ஒரு கதவும் உள்ள வீட்டில்தான் இந்த உத்தியோகம் நிலைக்கிறது. கணவரும் மாமியாரும் அதை முன்கூட்டியே பேசி முடிவு செய்துவிட்டால் பாதித் தகராறு தீரும்.

கரண்டு போனால் இன்வர்ட்டர் வேண்டும். கேபிள் இண்டர்நெட் அறுந்தால் போனில் இண்டர்நெட் வேண்டும். மலையடிவார ஊர்களில் போனுக்கே சிக்னல் தேடி மொட்டைமாடிக்கு ஏற வேண்டியிருக்கும். நகரத்து ஆபீசில் கம்பெனி பார்த்துக்கொள்ளும் செலவு இது. இங்கே யார் தலையில் விழும் என்பதைச் சேரும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரே வேலை, வேறு சம்பளம்

சம்பள விஷயத்தில் ஒரு நியாயப் பிரச்னை இருக்கிறது.

கிட்லேப் கம்பெனி, ஊழியர் வசிக்கும் ஊரைப் பார்த்துச் சம்பளம் நிர்ணயிக்கிறது. அமெரிக்காவில் இருப்பவருக்கு ஒன்று, இந்தியாவில் இருப்பவருக்கு ஒன்று. "அந்தந்த ஊர் நிலவரப்படி கொடுக்கிறோம்" என்பது அதன் வாதம். அமெரிக்காவில் உள்ள 37சிக்னல்ஸ் என்ற இன்னொரு கம்பெனி, ஊழியர் எந்த ஊரில் இருந்தாலும் சான்பிரான்சிஸ்கோ கணக்கில்தான் சம்பளம் என்றது. பாகற்காயைத் தர்மபுரிச் சந்தையில் ஒரு விலைக்கும் பெங்களூரில் ஒரு விலைக்கும் விற்கிற விவசாயிக்கு இந்த வழக்கு உடனே புரியும். குறைந்த சம்பளம் என்று சொல்லப்படுவதும் இந்த ஊருக்கு நல்ல சம்பளமாக இருப்பதால், பலர் கேள்வி கேட்பது இல்லை.

அதைவிட முக்கியம், வேலை எந்த வகை என்பது. வெளிநாட்டுக் கம்பெனிகள் பல, இங்கே உள்ளவரை ஊழியர் என்று எடுப்பது இல்லை. ஒப்பந்தக்காரர் என்றே எடுக்கின்றன. அப்போது பிராவிடண்ட் பண்டு கிடையாது. பிரசவ லீவு கிடையாது. வருமான வரியைத் தானே கட்டிக்கொள்ள வேண்டும். இங்கேயே ஒரு கிளையோ, இடைக் கம்பெனியோ வைத்து முறையான ஊழியராக எடுப்பவர்களும் உண்டு. கையெழுத்துப் போடும் முன் "ஊழியரா, ஒப்பந்தக்காரரா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

வேலை போவதும் திரையில்தான். 2023-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் கிட்லேப் கம்பெனி தன் ஆட்களில் 100-க்கு 7 பேரைக் குறைத்தது. ஆபீசில் வேலை பறிபோனால் கூட இருந்தவர்கள் வாசல்வரை வந்து வழியனுப்புவார்கள். இதில் வாசல் ஏது?

நடுவில் ஒரு வழி

முற்றிலும் வீடும் இல்லாமல், முற்றிலும் நகரமும் இல்லாமல் நடுவழி ஒன்று உண்டு. ஊர்ப்புறத்திலேயே சிறு ஆபீஸ் வைப்பது.

தென்காசி மாவட்டம் மத்தளம்பாறையில் "ஜோஹோ" கம்பெனி 2011-ம் ஆண்டு அப்படி ஓர் ஆபீஸ் திறந்தது. அப்போது கம்பெனியின் தலைவராக இருந்த ஸ்ரீதர் வேம்புவே 2019-ம் ஆண்டு அந்தப் பக்கம் குடிபோனார். கொரோனா காலத்தில் ஊழியர்கள் சொந்த ஊர் திரும்பியதும், பல சிற்றூர்களில் சிறு ஆபீஸ்கள் ஏற்பட்டன.

தர்மபுரிக்குப் பக்கத்திலும் முன்னுதாரணம் இருக்கிறது. கிருஷ்ணகிரி 2004-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதிவரை தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. அங்கே கலெக்டராக இருந்த சந்தோஷ் பாபு முயற்சியில், 2008-ம் ஆண்டை ஒட்டிக் கிராமத்து இளைஞர்களுக்குக் கம்ப்யூட்டர் வேலை தரும் நிலையம் ஏற்பட்டது. தனிமையும் இல்லை, பெங்களூர் வாடகையும் இல்லை. ஆனால் அப்படி ஓர் ஆபீசை யாராவது திறக்க வேண்டும். அதுவரை திண்ணைதான் வழி.

முன்பணம் கேட்டால் ஓடுங்கள்!

இந்த ஆசையைக் காட்டி ஏமாற்றும் கூட்டமும் பெருகியிருக்கிறது. "வீட்டிலிருந்தே தினம் 3,000 ரூபாய்" என்று போனில் செய்தி வரும். வீடியோவுக்கு விருப்பக் குறி போட்டால் பணம் என்பார்கள். முதல் நாள் 200 ரூபாய் மெய்யாகவே அனுப்புவார்கள். நம்பிக்கை வந்ததும் "டெபாசிட் கட்டு" என்பார்கள். அதோடு சரி.

வேலை தருகிறவர் சம்பளம் கொடுப்பார். பணம் கேட்க மாட்டார். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு.

உண்மையான கம்பெனி எப்படி ஆள் எடுக்கிறது? சில கேள்விகளை எழுத்தில் கேட்கும். சிறு வேலை ஒன்றைக் கொடுத்துச் செய்து காட்டச் சொல்லும். நிரல் சரியா என்று பார்க்கும். அதோடு, செய்ததை எப்படி எழுதி விளக்கியிருக்கிறார் என்றும் பார்க்கும். இங்கேதான் நம் பிள்ளைகள் பலர் தடுக்கி விழுகிறார்கள். கணக்கு வரும். நிரலும் வரும். "என்ன செய்தாய், ஏன் செய்தாய்?" என்று நாலு வரி ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் கை நின்றுவிடும்.

2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில், தமிழ்நாட்டிலேயே எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்த மாவட்டமாக இருந்தது தர்மபுரி. 100-க்கு 68 பேர்தான். அந்தத் தலைமுறையின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் இன்று கல்லூரியில் படிக்கிறார்கள். அலங்கார ஆங்கிலம் இதற்குத் தேவை இல்லை. நடந்ததை நடந்தபடி, வரிசையாக, சின்னச் சின்ன வாக்கியத்தில் எழுதத் தெரிந்தால் போதும். தமிழில் அப்படி எழுதிப் பழகியவருக்கு ஆங்கிலத்திலும் அது வரும்.

கிட்லேப் கம்பெனி தன் கையேட்டை ஊழியர்களுக்கு மட்டும் என்று பூட்டி வைக்கவில்லை. இண்டர்நெட்டில் திறந்தே இருக்கிறது. கட்டணம் இல்லை. பென்னாகரத்திலோ அரூரிலோ இருக்கும் ஒரு கல்லூரி மாணவி தன் போனிலேயே அதைத் திறந்து, அந்தக் கம்பெனியில் ஒரு கேள்வியை எப்படிக் கேட்கிறார்கள், ஒரு தவறை எப்படி ஒப்புக்கொள்கிறார்கள் என்று பக்கம் பக்கமாகப் படிக்கலாம்.